நோயாளிகளே பெயர் வைத்த நோய்

2021 மே மாதம், இரண்டாம் அலையில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவருமே படுத்துவிட்டோம். எனக்குப் பத்து நாளில் சரியாகிவிட்டது. என் மனைவிக்கோ காய்ச்சல் நின்ற பிறகுதான் தொல்லையே ஆரம்பித்தது. பெருங்காய டப்பாவை மூக்கருகே பிடித்தாலும் வாசனை தெரியவில்லை. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு டாக்டரிடம் காட்டினோம். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல். வயசாகுதில்லையாம்மா, மனசைத் தைரியமா வச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "ஏங்க, நான் நடிக்கிறேன்னு நினைக்கிறாரா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த நோயின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

2019 டிசம்பரில் சீனாவின் வூஹான் நகரில் காரணம் தெரியாத நிமோனியா என்றுதான் இது தொடங்கியது. 2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் தொற்று கேரளத்தில், வூஹானிலிருந்து திரும்பிய மாணவி ஒருவரிடம் உறுதியானது. அப்போது எல்லோரும் சொன்ன அறிகுறிகள் மூன்று: காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். லேசாக வந்தால் இரண்டு வாரம், கடுமையாக வந்தால் மூன்று முதல் ஆறு வாரம் என்று குணமாகும் காலத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது.

ஆனால் நோயாளிகள் வேறு சங்கதிகளையும் சொன்னார்கள். மூக்கடைப்பே இல்லாமல் வாசனை போய்விட்டது என்றார்கள். மார்ச் மாதத்திலேயே ஐரோப்பாவின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். இருந்தும், அது பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஏறியது மே 18 அன்று. நம் நாட்டில் ஜூன் 13 அன்று.

இரண்டு வாரக் கணக்கும் பலருக்குப் பொய்த்தது. லிவர்பூலில் தொற்றுநோய்ப் பேராசிரியரான பால் கார்னருக்கே கோவிட் வந்தது. ஏழு வாரமாகியும் உடம்பு தேறவில்லை என்று 2020 மே மாதம் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழின் இணையதளத்தில் எழுதினார். அதே மாதம் 20ஆம் தேதி எலிசா பெரேகோ என்ற பெண்மணி ட்விட்டரில் 'லாங் கோவிட்' என்ற சொல்லைப் போட்டார். இவர் டாக்டர் அல்ல, தொல்லியல் ஆய்வாளர். இத்தாலியின் லொம்பார்டியில் நோயில் விழுந்து, எழ முடியாமல் இருந்தவர். படுக்கையில் கிடந்த ஆயிரக்கணக்கானோர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். தங்களுக்குள் குழுக்கள் அமைத்து அறிகுறிகளைத் தாங்களே தொகுத்தார்கள்.

2021 அக்டோபர் 6 அன்று உலக சுகாதார நிறுவனம் இதற்கு இலக்கணம் வகுத்தது. பொதுவாகத் தொற்று வந்து மூன்று மாதத்தில் தென்பட்டு, குறைந்தது இரண்டு மாதமாவது நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத தொல்லைகள் என்றது. களைப்பு, மூச்சு வாங்குதல், மறதியும் புத்தி மந்தமும் என்று அது குறிப்பிட்டதைப் படித்தபோது என் மனைவியைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. அதை வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ எனக்கு மட்டும் இல்லை" என்றாள்.

இதற்கு முன்னும் இப்படிப்பட்ட ஒன்றை நாம் பார்த்திருக்கிறோம். 2006இல் சிக்குன்குனியா வந்தபோது காய்ச்சல் சில நாளில் போய்விட்டது; மூட்டுவலி மாதக்கணக்கில் நின்றது. சுவரைப் பிடித்து நடந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அந்தப் பெயரே தான்சானியாவின் மக்கோண்டே மொழியில் உடல் வளைந்து போவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

மனைவிக்கு எட்டு மாதம் கழித்து முதலில் காபி டிகாக்‌ஷன் வாசனை தெரிந்தது. மறதி முழுக்கப் போகவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது கோவிட் வந்து போன பிறகு களைப்பு நீடித்தால், என்றைக்கு என்ன செய்தது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வயசுதான் காரணம் என்று வீட்டில் இருக்கும் நாமே முடிவு கட்டிவிட வேண்டாம்.