பறவைநோக்கல்: ஒரு சொல்லா, இரு சொல்லா?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த படப்பையும், அதனை அடுத்த மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஊர்களும் ஏரி நீரால் வாழ்ந்த ஊர்கள். அடையாறு தன் முதல் நீரைப் பெறுவதும் இப்பகுதியின் ஏரிகளிலிருந்துதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில், நாமக்கோழியும் முக்குளிப்பானும் நாரை இனங்களும் நீர்ப்பரப்பில் கூடியிருக்கும் வேளையில், தாம்பரம் பக்கத்திலிருந்து பைனாகுலரும் குறிப்பேடுமாக வந்து கரையில் அசையாது நிற்போரைக் காண்பது இன்று அரிதன்று. இவர்களுடைய பொழுதுபோக்குக்குத் தமிழில் வழங்கும் பெயரைச் சிலர் 'பறவை நோக்கல்' என இடம் விட்டும், சிலர் 'பறவைநோக்கல்' எனச் சேர்த்தும் எழுதுகின்றனர். ஒரே கட்டுரையின் ஒரே பக்கத்தில் இரு வடிவமும் கலந்து வருவதும் உண்டு. அச்சுக் கோப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடத்தக்க அற்ப விஷயம் இது என்று கருதுவோர் பலர். அக்கருத்துப் பொருந்தாது என்பதும், இவ்வினாவுக்குத் தமிழ் இலக்கணத்தின் உள்ளிருந்தே திட்டமான விடை உண்டு என்பதும், அவ்விடை 'எப்போதும் சேர்க்க' என்பதோ 'எப்போதும் பிரிக்க' என்பதோ அன்று என்பதும் என் துணிபு.

முதலில் ஆங்கிலத்தைக் காட்டி வாதிப்போரை ஒதுக்கிவிடலாம். 1901-இல் எட்மண்ட் செலூஸ் வெளியிட்ட நூலின் தலைப்பில் இப்பொழுதுபோக்கின் பெயர் இரு சொல்லாக நின்றது; பின்னர் இடைக்கோட்டுடனும், அதன்பின் ஒரே சொல்லாகவும் எழுதும் வழக்கங்கள் அம்மொழியில் தோன்றின; இன்றும் மூன்றும் வழங்குகின்றன. அவர்கள் சேர்த்தெழுதத் தொடங்கியதால் நாமும் சேர்க்க வேண்டும் என்பது நியாயமாகாது. இரு சொற்கள் கூடுமிடத்தில் ஒலி திரிந்தும் தோன்றியும் கெட்டும் புணர்ந்து, அப்புணர்ச்சியை எழுத்திலும் காட்டும் மொழி தமிழ். அவ்விதிகள் ஆங்கிலத்துக்கு இல்லை. ஆகவே சான்றை நம் மொழியிலேயே தேட வேண்டும்.

தேடப் புகுந்தால் வியக்கத்தக்க ஓர் உண்மை எதிர்ப்படுகிறது: சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெற்றிடம் விடும் வழக்கமே நம் பழைய எழுத்து முறையில் இல்லை. மணிமங்கலத்து இராஜகோபாலப் பெருமாள் கோயிலில் உள்ள சோழர் கல்வெட்டுகளை அருகில் நின்று பார்ப்பவர் இதனைக் கண்ணாரக் காணலாம். மெய்க்கீர்த்தியாயினும், நிலத்தின் எல்லை கூறும் பகுதியாயினும், எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டாற்போல் வரிசையாகச் செல்கின்றன. கல்லின் விளிம்பு வந்த இடத்தில், சொல்லின் நடுவாயினும், வரி முறிந்து அடுத்த வரி தொடங்குகிறது. புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. ஓலைச் சுவடிகளின் நிலையும் இதுவே. அச்சு வந்த பின்னரே வெற்றிடம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்ற பதிப்பாசிரியர்கள் நிறுத்தக் குறிகளைப் பரவலாக ஆண்டனர். 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகள் செய்யுளையும் சந்தி பிரித்து அச்சிட்டன.

வெற்றிடம் பிற்காலத்தது என்பதால் அதற்கு விதியே வேண்டா என்று முடிவு கட்டுவோரும் உளர். புள்ளியும்கூட ஒரு காலத்தில் ஏட்டில் இடப்படாதிருந்ததுதான். அதற்காக இன்று மெய்யெழுத்தைப் புள்ளியின்றி எழுதலாம் என்று எவரும் சொல்லார். வாசகன் ஒரு குறியைக் கண்டு பொருள் கொள்ளப் பழகிவிட்டால், அக்குறி எங்கிருந்து வந்ததாயினும் பொருள் உடையதாகிவிடுகிறது. ஆகவே வெற்றிடத்துக்கு விதி வேண்டும்; அவ்விதி தொகைச்சொல்லின் இலக்கணத்தோடு முரணாதிருத்தலும் வேண்டும்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் தொகைகளை வகுத்து, அவையெல்லாம் ஒரு சொல்லின் நடையை உடையன என்று விதிக்கிறார். இவ்விதியை மேற்கோளாகக் காட்டி, தொகை எதுவாயினும் சேர்த்தே எழுதுதல் வேண்டும் என்று வாதிப்போர் இதன் உட்பொருளைக் கவனித்தல் நலம். ஒரு சொல் நடை என்பது தொகை முழுவதும் ஒன்றாக நின்று உருபேற்றுப் பயனிலை கொண்டு முடிதலைக் குறிப்பது. வெற்றிடமே இல்லாத காலத்து ஆசிரியர் வெற்றிடத்தைக் குறித்து விதி செய்திருக்க இயலாது. 'பறவைநோக்கலை', 'பறவைநோக்கலுக்கு' என்று உருபு ஈற்றில் மட்டும் வருவதால் அது தொகை என்பது தெளிவு. ஆயின் 'வலசைப்பறவை நோக்கலுக்கு' என்பதிலும் உருபு ஈற்றில்தானே வருகிறது? ஆகவே தொல்காப்பிய விதி இன்றியமையாதது என்றாலும், அது ஒன்றே இவ்வினாவைத் தீர்க்கப் போதாது.

அடுத்தது புணர்ச்சி. பொழுதுபோக்குகளின் பெயர்களையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். 'மலையேற்றம்' என்பதை ஒருவரும் பிரித்தெழுத நினைப்பதில்லை. உயிரும் உயிரும் சந்தித்து யகரம் தோன்றியவுடன் இரண்டும் ஒட்டிவிட்டன. மரம், வேலை என்பன கூடும்போது மகரம் கெட்டு 'மரவேலை' என்றாகிறது. இதுவும் ஒரே சொல். ஆனால் அதே மகரமும் அதே வகரமும் சந்திக்கும் 'பட்டம் விடுதல்' என்பதில் மகரம் கெடவில்லை; 'பட்டவிடுதல்' என்று எவரும் சொல்வதில்லை; ஆகவே அது இன்னும் தொடராகவே நிற்கிறது, பெயராக இறுகவில்லை. ஊர்ப்பெயர்களிலும் இவ்விறுக்கத்தைக் காணலாம்: படப்பைக்கு அண்மையிலுள்ள மண்ணிவாக்கத்தில் 'பாக்கம்' என்பது 'வாக்கம்' என மெலிந்து, பிரிக்கவொண்ணாதபடி கலந்துவிட்டது. இவ்வாறு ஒலியே தீர்ப்பளிக்கும் இடங்களில் விவாதத்துக்கு இடமில்லை. நம் சொல்லிலோ, ஐகார ஈற்றின் முன் நகரம் வருவதால், தோன்றலும் திரிதலும் கெடுதலும் ஒன்றும் நிகழவில்லை. இயல்பாகப் புணர்ந்து நிற்கிறது. இந்த மௌனமே குழப்பத்துக்கெல்லாம் காரணம். ஒலி விட்டுச்சென்ற இடத்தைப் பொருளைக்கொண்டு நிரப்ப வேண்டியிருக்கிறது.

இங்கே நமக்குப் பறவைகளின் பெயர்களே வழிகாட்டுகின்றன. 'மீன்கொத்தி', 'மரங்கொத்தி' என்பன செயப்படுபொருளும் வினையும் கூடி, இகர விகுதி பெற்று, பெயராக நின்ற தொகைகள். 'மண்வெட்டி', 'பாக்குவெட்டி' என்னும் வீட்டுக் கருவிப் பெயர்களும் இவ்வினத்தன. 'பறவை மீன் கொத்திற்று' என்று எழுதும்போது இடம் விடுகிறோம். 'மீன்கொத்தி பறந்தது' என்று எழுதும்போது விடுவதில்லை. இந்த வேறுபாட்டை நமக்கு எந்த ஆசிரியரும் கற்பிக்கவில்லை. மொழியுணர்ச்சி தானாகவே கற்பித்தது. செயலைச் சொல்லும்போது மீன் என்பது ஒரு குறிப்பிட்ட மீன். வேண்டினால் 'மீனை' என்று உருபை விரிக்கலாம், 'பெரிய மீன்' என்று அடை கொடுக்கலாம். பெயரைச் சொல்லும்போதோ மீன் எந்த ஒரு மீனும் அன்று. உருபை விரிக்க இடமில்லை. 'பெரிய மீன்கொத்தி' என்றால் பெரியது பறவையே அன்றி மீன் அன்று. காசிமேட்டை 'மீன்பிடித் துறைமுகம்' என்கிறோம். அங்கும் 'மீன்பிடி' ஒரு தொழிலின் பெயராக இறுகி, வருமொழியின் வல்லெழுத்தையும் மிகச் செய்கிறது. முழுவதும் இறுகாத பெயரும் உண்டு: படப்பைப் பக்கத்து ஏரிகளில் நிற்கும் நாரை ஒன்றை 'நத்தை குத்தி' என்றும், 'நத்தைகுத்தி' என்றும், 'நத்தைக்கொத்தி' என்றும் எழுதுவோர் உளர். அலகின் நடுவே இடைவெளி தெரிய நின்று, நீரில் துழாவி நத்தையை எடுக்கும் அப்பறவையைக் கண்டவர் எவருக்கும் பெயரின் பொருளில் சந்தேகம் எழாது. எழுத்தில் மட்டும் உறுதி வரவில்லை.

அடைமொழி எதனைத் தழுவுகிறது என்னும் சோதனையை நம் சொல்லுக்குப் பிரயோகித்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று விளங்கும். 'இரவு' என்பதை முன்னே சேர்க்கிறோம். 'இரவுப்பறவை நோக்கல்' என்றால் ஆந்தை, பக்கி முதலிய இரவுப்பறவைகளைக் காண்பது; அதனைப் பகலிலும் செய்யலாம். தாம்பரத்துக்குக் கிழக்கே நன்மங்கலம் காப்புக் காட்டின் பழைய கல்குவாரிப் பாறைகளில் வாழும் கொம்பன் ஆந்தையை அந்தி மயங்குமுன் நல்ல வெளிச்சத்திலேயே கண்டு குறித்துக்கொள்வோர் செய்வது அதுவே. 'இரவுப் பறவைநோக்கல்' என்றாலோ, இரவு நேரத்தில் நிகழும் நோக்கல். அதில் காணப்படுவது கூட்டில் அடைந்த கொக்காகவும் இருக்கலாம். இடம் விடும் ஒரு முறையால் மட்டும் இவ்விரு பொருளும் வேறுபடுகின்றன. எல்லாவற்றையும் பிரித்து 'இரவுப் பறவை நோக்கல்' என்று எழுதினால் வாசகன் எதைக் கொள்வான்? எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோவையாக எழுதினாலும் அதே இடர்தான். ஆகவே விதி இது: பொழுதுபோக்கின் பெயராக, பறவை இனம் முழுமைக்கும் பொதுவாக நிற்கையில் 'பறவைநோக்கல்' என்று சேர்க்க, முதற்சொல் அடை பெற்றோ இனம் சுட்டியோ தன்னளவில் விரிகையில் பிரிக்க. 'தீவிரப் பறவைநோக்கல்', 'படப்பைப் பறவைநோக்கல்' என்பன சேரும். 'நீர்ப்பறவை நோக்கல்', 'வலசைப்பறவை நோக்கல்' என்பன பிரியும்.

இவ்விடத்தில் ஓர் ஆக்ஷேபம் எழக்கூடும், அது வலிமையுடையது. நன்னூலார் சூத்திர நிலைகளைக் கூறுமிடத்து அரிமா நோக்கத்தைச் சொல்கிறார்: சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பது போன்ற நிலை. அங்கே பார்ப்பது அரிமா. அதனைப் பிறர் பார்ப்பதில்லை. அதே முறையில் 'பறவைநோக்கு' என்றால் பறவை பார்க்கும் பார்வை என்று கொள்ள ஏன் கூடாது? கூடும் என்பதே என் விடை. ஆறாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் உருபு தொக்கபின் ஒரே வடிவம் கொள்ளும் இடம் இது. சேர்த்தாலும் பிரித்தாலும் இம்மயக்கம் தீராது. வருமொழி வல்லெழுத்தாக இருந்தால் இலக்கணமே வேலி கட்டும்: 'பறவைப்பார்வை' என ஒற்று மிக்கால் பறவையின் பார்வை, 'பறவை பார்த்தல்' என இயல்பாக நின்றால் பறவையைப் பார்த்தல். நகரம் வருவதால் அவ்வேலி நமக்கு இல்லை. ஆகையால் 'நோக்கு' என்னும் முதனிலைத் தொழிற்பெயரை இப்பொழுதுபோக்குக்கு ஆளாமல், 'நோக்கல்' என்னும் விகுதி பெற்ற வடிவத்தையே நிலைநிறுத்துதல் நலம். விகுதி, செயல் என்னும் உணர்வை வலுப்படுத்துகிறது. எஞ்சிய மயக்கத்தை வழக்கு தீர்க்கும். 'மீன்கொத்தி' என்பதை 'மீனாகிய கொத்தி' என்று இன்று எவர் கொள்கிறார்?

செய்பவரைக் குறிக்கும் பெயரில் விவாதத்துக்கே இடமில்லை என்பேன். 'நோக்கர்' என்னும் சொல் தனித்து நின்று வழங்குதல் அரிது. 'பறவைநோக்கர்' என்று முன்மொழியைச் சார்ந்தே உயிர்க்கிறது. தனித்து வாழாத ஒன்றைத் தனியே நிறுத்துவது முறையன்று. இப்பெயர் ஒரு சொல்லாயின், அது குறிக்கும் ஆளின் பொழுதுபோக்கும் ஒரு சொல்லாதலே இயல்பு.

நீண்ட சொற்கள் சிறுவரை மருட்டும் என்னும் கவலையைப் பள்ளி ஆசிரியர் சிலர் சொல்வர். கவலை நியாயமானதே, ஆனால் 'மின்சாரம்', 'தொலைக்காட்சி' என்பவற்றைச் சேர்த்தே வாசிக்கும் பிள்ளைக்கு இது பெருஞ்சுமையாகாது. அன்றியும் இடம் விட்டு எழுதும்போது வரியின் இறுதியில் 'பறவை' என்றும் அடுத்த வரியின் தொடக்கத்தில் 'நோக்கல்' என்றும் பெயர் துண்டாகி, முதல் வரி ஒரு பறவையைப் பற்றியது போலத் தோற்றமளிப்பது குழந்தையின் குறிப்பேட்டில் அடிக்கடி நேர்வது. கணிப்பொறியில் தேடுவோருக்கும் பெயருக்கு ஒரே வடிவம் இருத்தல் உதவும்.

இறுதியாக, இத்துறையில் மிகுதியாக வழங்கும் மற்றொரு தொடரை ஆராய வேண்டும். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் நடந்துவரும் 'பறவைகள் கணக்கெடுப்பு', 'பறவைக் கணக்கெடுப்பு' என இரு விதமாகவும் எழுதப்படுகிறது. இதனையும் சேர்த்தெழுத வேண்டும் என்று வாதிடுவோருக்கு நான் உடன்படேன். 'கணக்கெடுப்பு' தானே ஒரு தொகை. அது மக்களுக்கும் யானைக்கும் புலிக்கும் பொதுவாக, தன்னளவில் முழுமை பெற்ற சொல்லாக வழங்குகிறது. பறவை அதற்கு அடையாக வந்ததேயன்றி அதனோடு கலந்து புதிய பெயர் ஒன்றைப் பிறப்பிக்கவில்லை. முன்மொழி பன்மை ஏற்பதே அதற்குச் சான்று. 'பறவைகள்நோக்கல்' என்று எவரும் சொல்லாததையும், 'பறவைகள் கணக்கெடுப்பு' என்று பலரும் தடையின்றிச் சொல்வதையும் ஒப்பிட்டு நோக்கினால், ஒன்றைச் சேர்த்தும் மற்றொன்றைப் பிரித்தும் அச்சிடுதல் முரண்பாடன்று என்பது விளங்கும்.