பெரட்டுக் களமும் கணிப்பொறியும்



பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் ஆட்கள் வந்து நிற்பார்கள். மண்டோர் பெயர் கூப்பிடுவார். ஆளுக்கொரு நிரை என்று வேலை பிரியும். வராதவருடைய நிரையை யார் வெட்டுவது என்பதும் அப்போதே முடிவாகிவிட வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் அல்லவா?

2000ஆம் ஆண்டில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2007இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த யுத்தெம்மின் முதன்மை வளாகம் இன்று டுரியான் துங்காலில் இருக்கிறது. கணிப்பொறி படிக்கும் பிள்ளை "திரெட் பற்றிப் படிக்கிறேன்" என்றால், வீட்டில் தையல் நூலைத்தான் நினைப்பார்கள். பெயரென்னவோ நூல்தான். நிரலின் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டு போகும் ஓட்டத்தை இழை என்கிறார்கள். ஒரே நிரலில் பல இழைகள் ஓடும்போது அவற்றுக்கு வேலையைப் பங்கிடுவது எப்படி? இந்தக் கேள்வியின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

தொடக்கத்தில் ஆள் ஒருவர்தான். அறை அளவு பெரிய கணிப்பொறியானாலும் ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும்; நாடா சுழன்று முடியும்வரை சும்மா காத்திருக்கும். மரம் வெட்டியவர் மங்கில் பால் நிறையும்வரை வெறுமனே உட்கார்ந்திருப்பாரா? 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கொர்பாட்டோ குழுவினர், ஒரே கணிப்பொறி பலருடைய வேலைகளை மாற்றி மாற்றிக் கவனிக்கும் முறையை இயக்கிக் காட்டினார்கள்.

உடனே புதிய சிக்கல் எழுந்தது. ஒரே பேரேட்டில் இரண்டு கிராணிகள் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் 40 என்று படிக்கிறார்கள். இருவரும் ஒன்றைக் கூட்டி 41 என்று எழுதுகிறார்கள். இருக்க வேண்டியது 42. ஒருவருடைய ஒரு வாளிப் பால் கணக்கிலேயே இல்லை! கணிப்பொறியிலும் நடப்பது இதேதான். படிப்பது, கூட்டுவது, எழுதுவது என்ற மூன்று செயல்களுக்கு நடுவே இன்னோர் இழை புகுந்துவிடுகிறது. எப்போதாவது மட்டும் நடப்பதால் தவற்றைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

ஹாலந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960களில் இதற்கு வழி சொன்னார். ரயில் கைகாட்டிக்கு உரிய 'செமஃபோர்' என்ற பெயரையே அதற்கு வைத்தார். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ஓட்டுநர் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி புறப்படக் கூடாது. பழைய ரயில் நிலையங்களில் வளையத்தோடு அதைக் கைமாற்றுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இழைக்கும் அதே விதி. டோக்கன் வைத்திருக்கும் இழை மட்டுமே பேரேட்டைத் தொடலாம்.

சி என்னும் நிரல்மொழியை 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிட்ச்சி உருவாக்கினார். அந்த மொழியில் இழைகளைக் கையாளும் பொதுவிதிகள் 1995இல்தான் வந்தன. அதுவரை பெரிய அவசரமும் இல்லை. ஆண்டுதோறும் சில்லின் வேகம் கூடியது. நிரல் தானாகவே விரைந்து ஓடியது. பிறகு சூடு தாங்க முடியவில்லை. 1972 முதல் பினாங்கில் ஆலை நடத்தும் இன்டெல், 2004இல் ஓர் அதிவேகச் சில்லுத் திட்டத்தைக் கைவிட்டு, 2005இல் ஒரே சில்லில் இரண்டு மூளைகளை வைத்து விற்றது. ஒருவரை மேலும் விரட்ட முடியாதபோது ஆளைக் கூட்டுவதுதானே வழி!

ஆளைக் கூட்டினால் பங்கீடு வேண்டும். நிரையைப்போல் முன்கூட்டியே சமமாகப் பிரிக்கலாம். ஆனால் ஒரு நிரை மேட்டில் இருக்கும், இன்னொன்று சமதரையில் இருக்கும். முன்னால் முடித்தவர் சும்மா நிற்பார். சி மொழியை விரித்து எம்.ஐ.டி.யில் 1990களில் உருவான சில்க், இதற்கு அழகான விடை தந்தது. ஒவ்வோர் இழைக்கும் சொந்த வேலைக்குவியல் உண்டு. உரிமையுள்ள இழை குவியலின் ஒரு முனையிலிருந்து எடுத்துச் செய்யும். வேலை தீர்ந்த இழை, வேறொன்றின் குவியலில் மறுமுனையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். இதற்கு வேலைத் திருட்டு என்றே பெயர்! ஓய்ந்திருப்பதே தேடிப் போவதால், உழைப்பதற்கு இடையூறு குறைவு. மண்டோரும் தேவையில்லை. இம்முறை ஏறக்குறைய மிகச் சிறந்தது என்று புளூமோஃபும் லெய்சர்சனும் 1994இல் கணித வழியில் நிறுவினார்கள். தோட்டத்தில் அடுத்தவர் நிரையில் கை வைத்தால் என்னவாகும் என்று கேட்காதீர்கள். அங்கே பால் எடைக்குக் கூலி. இழைக்குக் கூலி இல்லை.

ஆனாலும் ஓர் எல்லை உண்டு. 1967இலேயே ஆம்டால் என்பவர் அதைச் சுட்டிக்காட்டினார். எத்தனை பேர் மரம் வெட்டினாலும் பால் நிறுக்கும் தராசு ஒன்றுதான் என்றால், எல்லாரும் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். பத்து மணி நேர வேலையில் ஒரு மணி நேரம் தராசு வேலையாக இருந்தால், ஆயிரம் பேர் சேர்ந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியாது. இன்னொரு தராசு வைக்கலாமே என்பீர்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் மாலையில் இரண்டு பேரேடுகளையும் சேர்த்துக் கூட்டுவதற்கு ஒரு கிராணி வேண்டும். மற்றவர்கள் அவருக்காகக் காத்திருக்க வேண்டும்.