உருக்குத் துண்டின் குரல்

பழைய பெடல் ஸ்டீல் கிற்றார்களை இன்று பெரும் பணம் கொடுத்துத் தேடி வாங்குவோர் உளர். 1950களிலும் 60களிலும் அமெரிக்கத் தொழிற்கூடங்களில் மேப்பிள் மரத்தாலும் அலுமினியத்தாலும் செய்யப்பட்ட அவ்வாத்தியங்களின் நாதம் பின்னாளைய கருவிகளில் இல்லை என்பது அவர்கள் துணிபு. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்நாதம் யாருடைய நெஞ்சிலிருந்து பிறந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. மன்னார்க் கரையில் வாழ்பவர்கள் அக்கேள்வியைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், தமிழகத்தின் வரண்ட சீமைகளிலிருந்து தோணிகளில் மன்னாருக்கும் தலைமன்னாருக்கும் வந்திறங்கிய ஏழை மக்கள், வன்னிக் காட்டினூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். கோப்பித் தோட்டங்கள் அவர்களை அழைத்தன. பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். அதே காலத்தில் பசிபிக் சமுத்திரத்தின் நடுவே மற்றொரு தீவுக் கூட்டத்திலும் இக்கதை நடந்துகொண்டிருந்தது. ஹவாயிலே கோப்பிக்குப் பதில் கரும்பு. இராமநாதபுரத்தாருக்குப் பதில் சீனர், யப்பானியர், போர்த்துக்கேயர். 1879இல் அங்கு வந்த போர்த்துக்கேயத் தொழிலாளரின் சிறு நரம்புக் கருவியே பின்னர் உகுலேலே ஆயிற்று. கிற்றாரோ அதற்கு முன்பே மெக்சிக்க மாட்டிடையர்களுடன் அங்கு வந்துவிட்டது.

அந்தக் கிற்றாரை மடியிற் கிடத்தி, விரலால் அழுத்துவதற்குப் பதில் உருக்குத் துண்டொன்றைக் கம்பிகளின்மேல் வழுக்கி இசைக்கும் முறையை 1880களின் இறுதியில் வகுத்தவன் யோசப் கெகுகு என்னும் பள்ளிச் சிறுவன் என்பர். அவனுக்கு முன்பே கப்ரியேல் டாவியன் என்றொருவர் இவ்விதம் வாசித்தார் என்றும், அவர் இந்தியாவிற் பிறந்து கப்பற்காரரால் கவர்ந்து செல்லப்பட்டவர் என்றும் வேறொரு செய்தி உண்டு. முதல்வர் யார் என்ற வழக்கு நமக்கு அவசியமில்லை. தோட்டமும் கப்பலும் ஒன்றுகூட்டிய மனிதரிடையே இக்குரல் தோன்றிற்று என்பதே பொருள்.

1893இல் ஹவாய் அரசி லிலியுவொகலானியைக் கரும்பு முதலாளிகள் பதவியிலிருந்து இறக்கினர். 1898இல் அமெரிக்கா அந்நாட்டை விழுங்கியது. நாட்டை இழந்தவர்களின் பாட்டு, நாட்டைப் பறித்தவர்களின் கேளிக்கையாயிற்று! 1915இன் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சிக்குப் பின் ஹவாய் இசைத்தட்டுகள் அமெரிக்கச் சந்தையை நிறைத்தன. தென்னையும் நிலவும் நடனமாதரும் விளம்பரத்திற் தோன்றினர். கரும்பு வெட்டியவன் தோன்றவில்லை. 1904இல் தாயகத்தை விட்டுப் புறப்பட்ட கெகுகு 1932இல் நியூ ஜேர்சியில் மறைந்தார்.

பின்னர் நடந்தது தொழில்நுட்ப வரலாறு. உலகில் வெற்றிகரமாக விற்பனைக்கு வந்த முதல் மின்சாரக் கிற்றாரே இம்மடிக் கிற்றார்தான்: 1932இல் ரிக்கன்பாக்கர் நிறுவனம் வெளியிட்ட, பொரிக்கும் சட்டி போன்ற உருவமுடைய அலுமினிய வாத்தியம். அதற்குக் கால் மிதிகளும் நெம்புகோல்களும் பூட்டப்பட்டபோது பெடல் ஸ்டீல் பிறந்தது. 1954இல் வெப் பியர்ஸ் பாடிப் புகழ்பெற்ற 'ஸ்லோலி' என்ற பாட்டில், பட் ஐசக்ஸ் என்பவர் ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தையே மிதியால் வளைத்துக் காட்டினார். நமது இசைமொழியிற் கூறுவதானால் விளக்கம் எளிது. ச-க-ப மூன்றும் சேர்ந்தொலிக்கின்றன. கையிலுள்ள உருக்குத் துண்டு அசைவதில்லை. கால் மிதிக்கிறது. சட்சம் நின்ற இடத்தில் நிற்க, காந்தாரம் மத்திமத்துக்கும் பஞ்சமம் தைவதத்துக்கும் ஊர்ந்து செல்கின்றன. ஒன்று நிலைத்திருக்க மற்றவை நகரும் இந்த இழைவிலேதான் கேட்பவர் நெஞ்சு நெகிழ்கிறது. உருக்கு என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் இருப்பது ஒரு தற்செயல்; ஆனால் நல்ல தற்செயல்.

பழைய கருவிகளின் புகழுக்கும் காரணம் சொல்லலாம். 1963இல் தொடங்கிய எம்மன்ஸ் நிறுவனத்தின் ஆரம்பகால வாத்தியங்களில், கம்பியைத் தாங்கும் முனை ஓய்வு நிலையிற் கருவியின் உடலோடு இறுகப் பொருந்தி நிற்கும். அதிர்வு மரத்துக்குச் செவ்வையாய்ச் செல்லும். சுருதி கூட்டுவது பெரும் தொல்லை. இலகுவான பொறியமைப்பு வந்தபோது தொல்லை நீங்கிற்று. நாதத்தில் ஏதோ ஒன்றும் நீங்கிற்று என்பர் வாசிப்போர்.

இக்கருவியை வெள்ளையரின் நாட்டுப்புற இசைக்கே உரியதென எண்ணுவது தவறு. 1930களின் இறுதியில் ஈசன் சகோதரர் என்ற கறுப்பினத்தவர் மடிக் கிற்றாரைத் தங்கள் ஆலயத்துக்குக் கொண்டு வந்தனர். பாடகர் சொல்லும் அடியை அது திருப்பிச் சொல்லிற்று. சபையோடு சேர்ந்து கதறிற்று. பெடல் ஸ்டீல் பின்னர் அதே சபைகளுக்கு வந்து சேர்ந்தது. நைஜீரியாவின் சன்னி அடே தம் யூயூ இசையில் அதை இணைத்துக்கொண்டார். எவரும் அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டியதுமில்லை.

நம் பக்கம் இக்குரல் கல்கத்தா வழியாக வந்தது. ஹவாய் இசையைப் பரப்பிய டாவ் மோ 1940களில் அந்நகரில் தங்கியிருந்தார். மடிக் கிற்றார் வங்கப் பாடல்களிலும், வான் ஷிப்லியின் கையில் இந்தித் திரைமெட்டுகளிலும் குடிபுகுந்தது. டில்லியின் ஒலிபரப்புத் துறை 1952இல் திரைப்பாட்டுக்கு முகஞ் சுளித்த காலத்தில், இலங்கை வானொலி அப்பாட்டுகளைத் தயக்கமின்றி உபகண்டமெங்கும் ஒலிக்கச் செய்தது. மேலைப் பாடகர்களில் ஜிம் ரீவ்ஸை இலங்கைக் கிறிஸ்தவ இல்லங்கள் பல தம்மவராகவே ஏற்றன. அவருடைய ஆரம்பப் பாட்டுகளில் ஸ்டீல் கிற்றார் பின்னணியில் விம்முகிறது.

மன்னாரின் செவிக்கு இவ்விழைவு அந்நியமன்று. வலை இழுப்போரின் அம்பாப் பாட்டிலும், பிணத்தருகே எழும் ஒப்பாரியிலும் சுரம் படிப்படியாக ஏறுவதில்லை, வழுக்கியே செல்கிறது. 1705இல் கோவாவிலிருந்து வந்து இக்கரையில் இறங்கிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்தில் இராகமிட்டு வாசிக்கப்படும்போதும் அதே இழைவு கேட்கிறது. கடலுக்கு அப்பால், திருவிடைமருதூர் சகாராம் ராவ் கருங்காலிக் கட்டையைக் கோட்டுவாத்தியத்தின் தந்திகளில் வழுக்கிக் கமகத்தைப் பேசவைத்தார். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் அவ்வழியை வளர்த்தார். அவர்கள் சபையும் அம்பா பாடுவோரின் மணற்கரையும் ஒன்றையொன்று அறியாதவை. சாதியும் வகுப்பும் வகுத்த வேலி அத்தகையது.

நாட்டுக்கூத்துக்குத் துணை நிற்கும் ஆர்மோனியத்தால் இந்த வழுக்கலைத் தர இயலாது. அக்குறையையே காரணமாக்கி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதைத் தள்ளிவைத்திருந்தது. இங்கே எவரும் அதைத் தள்ளவில்லை. ஆனால் பெரிய வியாழன் மாலை முதல் பாஸ்கா இரவு வரை வாத்தியங்கள் ஓய்ந்திருப்பது திருச்சபையின் வழக்கம். அந்நாட்களில் வியாகுலத்தின் முழு இழைவையும் மனிதத் தொண்டையே தனித்துச் சுமக்கிறது.