பேய்ப்படங்கள் கூறும் பெண் வரலாறு

பேய்ப்படம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே கற்றோர் முகஞ்சுளிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது பாமரரின் பொழுதுபோக்கு என்றும், மாணவர் உள்ளத்தில் மூடநம்பிக்கையை வளர்ப்பது என்றும் கூறி நாம் ஒதுக்கிவிடுகிறோம். பேய் உண்டா இல்லையா என்பது வேறு வினா. ஒரு சமுதாயம் எத்தகைய பேயைக் கற்பனை செய்தது, ஏன் அப்பேயைப் பெரும்பாலும் பெண்ணாகவே கற்பனை செய்தது என்பது வரலாற்று வினா. அவ்வினாவுக்கு விடை காண, ஒரே கருவைச் சுமந்து நிற்கும் படங்களை இரண்டிரண்டாக இணைத்து நோக்குவது நல்ல வழி. ஒரு படம் சொல்லாமல் விட்டதை மற்றொன்று சொல்லிவிடும். அத்தகைய இணைகளுள் இரண்டினை இங்கே காண்போம்.

பலாச்சுளையும் படுகொலையும்

நம் ஜொகூர் மாநிலத்தின் கோத்தா திங்கி, பழைய ஜொகூர்ப் பேரரசின் தலைநகர் விளங்கிய ஆற்றங்கரைப் பகுதி. அங்குள்ள கம்போங் மாக்காமில் இரண்டாம் சுல்தான் மஹ்முட் ஷாவின் அடக்கத்தலம் இருக்கிறது. 1699ஆம் ஆண்டில் அவர் பள்ளிவாசலுக்குப் பல்லக்கில் சுமந்து செல்லப்பட்டபோது படைத்தலைவன் மெகாட் ஸ்ரீ ராமாவால் கொல்லப்பட்டார். 'மங்காட் டிஜூலாங்' என்ற பெயர், சுமக்கப்பட்ட நிலையில் மாண்டவர் என்னும் பொருளில், அன்று முதல் அவருக்கு நிலைத்துவிட்டது.

இக்கொலைக்கு மக்கள் மரபு கூறும் காரணம் உள்ளத்தை நடுங்கச் செய்வது. மெகாட் ஸ்ரீ ராமா கடற்கொள்ளையரை அடக்கச் சென்றிருந்த வேளையில், மசக்கையுற்றிருந்த அவன் மனைவி, அரண்மனைக்குரிய பலாப்பழத்தில் ஒரு சுளையை வேண்டிப் பெற்று உண்டாள். அரசன் சினந்தான். தனக்காக அன்று, வயிற்றிலிருக்கும் குழந்தைக்காகவே உண்டேன் என்று அவள் மன்றாடினாள். அச்சொல் மெய்தானா என்று பார்க்க அவள் வயிற்றைக் கிழிக்குமாறு ஆணை பிறந்தது. திரும்பிவந்த கணவன் அரசனைக் கொன்றான். உயிர் பிரியுமுன் அரசன் அவன் வழித்தோன்றல்களைச் சபித்தான் என்றும், அவர்கள் ஏழு தலைமுறைவரை கோத்தா திங்கி மண்ணை மிதித்தால் இரத்தம் கக்குவர் என்றும் மக்கள் கூறுவர்.

இக்கதையின் ஒவ்வொரு கூறும் சான்றால் நிறுவப்பட்டதன்று. ஆனால் அதன் விளைவு வரலாறு. வாரிசின்றி மாண்ட அரசனுக்குப் பின் பெண்டஹாரா அப்துல் ஜாலில் அரியணை ஏறினார். மலாக்கா மன்னர் வழி அத்துடன் அறுந்தது. 1718இல் சியாக்கிலிருந்து ராஜா கெச்சிக் படையெடுத்து வந்து, மஹ்முட் ஷா இறந்தபின் பிறந்த மகன் தானே என்று உரிமை கோரி ஜொகூரைக் கைப்பற்றினார். ஒரு கருவைக் கிழித்ததில் தொடங்கிய பகை, மற்றொரு கருவின் பெயராலேயே அரியணையைத் தேடி வந்தது. இவ்வரலாற்றை 1961இல் கேத்தே-கிரிஸ் நிறுவனத்திற்காக 'சுல்தான் மஹ்மூட் மங்காட் டிஜூலாங்' என்ற பெயரில் படமாக்கியவர் இந்தியரான கே. எம். பாஸ்கர்.

பொந்தியானாக்கின் வருகை

அதே நிறுவனம் நான்காண்டுகளுக்கு முன் வெளியிட்ட படமே 'பொந்தியானாக்'. மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு திங்கள் முன்பு, 1957 ஏப்ரல் 27ஆம் நாள் சிங்கப்பூர் கேத்தே அரங்கில் அது திரையிடப்பட்டது. இயக்கியவர் பி. என். ராவ். கேரளத்தில் பிறந்து, தமிழில் 'ரம்பையின் காதல்' (1939), 'சாலிவாகனன்' (1945) முதலிய படங்களை இயக்கிய பின் இங்கு வந்தவர். நாயகியாக நடித்தவர் மரியா மெனாடோ. படம் பெற்ற பெருவெற்றியால் 'டெண்டாம் பொந்தியானாக்' அதே ஆண்டிலும், 'சும்பா பொந்தியானாக்' 1958இலும் தொடர்ந்தன. முதற்படத்தின் படச்சுருள் இன்று இல்லை. கதையைப் பதிவுகளின் வழியாகவே அறிகிறோம்.

கூன் முதுகும் அழகற்ற தோற்றமும் கொண்ட சோமேல், மந்திர மருந்தால் பேரழகியாகிறாள். மனித இரத்தத்தை ஒருபோதும் சுவைத்தல் கூடாது என்பது அவ்வழகுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அவளுக்கு மணமாகிறது, மகளும் பிறக்கிறாள். ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. நஞ்சை உறிஞ்சி எடுக்க அவள் வாய் வைக்கிறாள், நிபந்தனை முறிகிறது, பொந்தியானாக் ஆகிறாள்.

இவ்விரு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருத்தி வயிற்றுக் குழந்தைக்காக ஒரு சுளையை வாயிலிட்டாள். மற்றொருத்தி கணவன் உயிருக்காக நச்சு இரத்தத்தில் வாய் வைத்தாள். தாய்மைக்கும் இல்லறத்துக்கும் உரிய கடமையைச் செய்ததே இருவரும் இழைத்த குற்றம். வரலாற்றுப் படத்தில் அவளுக்காக வாளெடுக்கக் கணவன் இருந்தான். ஆயினும் அவன் பெயரே நிலைத்தது, அவள் கதைக்குக் காரணமாக மட்டும் நின்றுவிட்டாள். பேய்ப்படத்தில் அவளுக்காகப் பேச எவருமில்லை. எனவே அவளே திரும்பி வருகிறாள்.

பொந்தியானாக் நம்பிக்கையின் வேர் திரைக்கு வெளியே, பேற்றறையில் இருக்கிறது. மகப்பேற்றின்போது மாண்ட பெண்ணே பொந்தியானாக் ஆவாள் என்பது மலாய் மக்களின் பழைய நம்பிக்கை. 1950ஆம் ஆண்டளவில் மலாயாவில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தாய்மார் உயிர்நீத்தனர். பயிற்சி பெற்ற மருத்துவச்சியரும் சிற்றூர் நலநிலையங்களும் பெருகப் பெருக அத்தொகை குறைந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ முப்பதாயிற்று. ஆகவே 1957இல் அரங்கில் அமர்ந்திருந்த மக்களுக்கு அப்பேய் வெறுங்கற்பனையன்று. பேற்றில் மாண்ட ஒரு தமக்கையையோ அண்டை வீட்டுப் பெண்ணையோ அவர்களுட் பலர் அறிந்திருப்பர்.

தமிழகத்தின் கண்ணாடி

இவ்வச்சம் தமிழர்க்கும் புதிதன்று. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வழியோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டனர் நம் முன்னோர். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளின் பெயரால், வழிப்போக்கர் தம் தலைச்சுமையை இறக்கி இளைப்பாற வேண்டும் என்பது அதன் கருத்து. அச்சம் அங்கே அறமாக மாறிற்று. தென்பாண்டிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் கையில் குழந்தையேந்தி நிற்கும் இசக்கியம்மன், பிள்ளைப்பேறு வேண்டும் பெண்களின் தெய்வமானாள்.

பழையனூர் நீலியின் கதையோ இன்னும் கூர்மையானது. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் மறுபிறவியில் வணிகனாக வர, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து, இவன் என் கணவன் என்று வேளாளர் எழுபதின்மர் முன் வழக்குரைத்தாள் நீலி. இப்பிறவியில் அவள் சொன்னது பொய். ஆனால் அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை மெய். தாம் கொடுத்த வாக்குப் பிழைத்ததனால் எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். கண்ணகி உயிருடன் அவை ஏறினாள்; நீலி இறந்தபின் ஏறினாள். வாழும்போது வாயில் திறக்காத அவைக்குப் பேயாக வந்தே வழக்குரைக்க வேண்டியிருந்தது என்பதே நீலி கதை நமக்குச் சொல்லும் செய்தி.

ஆடல்மகளிர் இருவர்

இனி இரண்டாவது இணை. பல ஆண்டுகள் அருகியிருந்த மலாய்ப் பேய்ப்படத்தை மீண்டும் வெற்றிபெறச் செய்தது, ஷுஹாய்மி பாபா இயக்கி 2004இல் வெளிவந்த 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்'. மாயா காரின் நடித்த மெரியாம், கமலான் இசைக்கு ஆடுபவள். அவள்மீது வெறி கொண்ட மர்சானி, தன் ஆசை ஈடேறாத சீற்றத்தில் அவளைக் கொல்கிறான். அவள் பொந்தியானாக்காகித் தலைமுறை கடந்தும் பழிவாங்குகிறாள். மறு ஆண்டு, 2005 ஏப்ரலில், பி. வாசு இயக்கிய 'சந்திரமுகி' வெளிவந்தது. வேட்டையபுரத்து மன்னன் ஆடலணங்கு சந்திரமுகியைக் கவர்ந்து வருகிறான். அவள் காதலன் குணசேகரனின் தலையை வெட்டி, அவளையும் உயிருடன் எரிக்கிறான்.

இருவரும் ஆடல்மகளிர் என்பது தற்செயலன்று. இம்மண்ணின் கமலான் அரண்மனைக் கலை. 1811இல் பஹாங்கின் பெக்கானில் நடந்த அரச திருமணத்தில் அது ஆடப்பட்டதாகக் கூறுவர். அத்திருமணத்தின் மணமகன் துங்கு ஹுசேன், ரியாவ்-லிங்கா அரண்மனையைச் சேர்ந்தவர்; 1819இல் ஆங்கிலேயரால் ஜொகூர்ச் சுல்தானாக ஏற்கப்பட்டவர். தமிழகத்திலோ கோயிலும் அரண்மனையும் ஆடல்மகளிரைத் தமக்குரிய உடைமையாக வைத்திருந்த முறை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோரின் நெடும்போராட்டத்திற்குப் பின், 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. கலையைப் போற்றிய கைகளே கலைஞரைப் பூட்டியும் வைத்தன.

'சந்திரமுகி'யின் மூலம், பாசில் இயக்கிய 'மணிச்சித்ரத்தாழ்' (1993) என்னும் மலையாளப் படம். அதில் கொலையுண்ட ஆடல்மகள் நாகவல்லி தஞ்சாவூர்த் தமிழ்ப்பெண். தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்குப் பெண்ணானாள். கேரளத்தில் தமிழச்சி, தமிழகத்தில் தெலுங்கச்சி. கேட்பாரற்றவள் எப்போதும் வேற்றுமொழிக்காரியாகவே இருக்கிறாள் என்பதைக் கடல் கடந்து வந்து தோட்டங்களில் வாழ்ந்த மக்களின் வழியினராகிய நாம் எளிதில் கடந்துபோக இயலாது.

இரு படங்களும் வழங்கும் நீதி வேறுபடுகிறது. மலாய்ப் படத்தில் பேய் மெய். அதன் பழிவாங்கலும் மெய். தமிழ்ப் படத்தில் பேய் என்பது கங்கா என்னும் பெண்ணின் மனநோய். மருத்துவர், மன்னனுக்கு மாற்றாக ஒரு பொம்மையை எரிக்கச் செய்து நோயைத் தீர்க்கிறார். அறிவியல் நோக்கில் இது முன்னேற்றமே. ஆயினும் கங்கா குணமடைகிறாள்; சந்திரமுகியின் வழக்கு பொம்மையோடு முடிகிறது. பேய் இல்லை என்று நிறுவுவதால் கொடுமை நடக்கவில்லை என்றாகிவிடாது.

ஆணியின் பொருள்

பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அறைந்தால் அவள் அடங்கிய மனைவியாகிவிடுவாள் என்பது மலாய் மக்களின் மரபு. பேய் பிடித்த பெண்ணின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் ஆணியால் அறைந்து பேயோட்டுவது தமிழ்ச் சிற்றூர் வழக்கம். இருவேறு மொழியும் சமயமும் கொண்ட இரு சமுதாயங்கள் ஒரே கருவியைக் கையிலெடுத்திருக்கின்றன. அவ்வாணி பெண்ணின் குறையைத் தீர்ப்பதில்லை. அவள் பேச்சை நிறுத்துகிறது. புகுந்த வீட்டில் அடியும் பசியும் பொறுத்த பெண், சாமியாடியோ பேயாடியோ மட்டுமே உரக்கப் பேச முடிந்த காலம் ஒன்று இருந்தது. அவள் ஆடியபோது என்ன சொன்னாள் என்பதைக் குறித்து வைத்தவர் மிகச் சிலரே.

ஆகவே தமிழாசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் பேய்ப்படக் கதை பேசினால் அதட்டி அடக்க வேண்டா. இறந்தவள் யார், அவளைக் கொன்றவன் யார், உயிரோடிருந்தபோது அவள் முறையிட அவை இருந்ததா, இறுதியில் ஆணி யார் கையிலிருந்தது என்று அவர்களை வினவுங்கள். ஜொகூர் மாணவரைக் கோத்தா திங்கி அடக்கத்தலத்திற்கு அழைத்துச் செல்லும்போது அரசன் பெயரோடும் ஆண்டோடும் நின்றுவிடாது, ஒரு பலாச்சுளைக்காக மாண்ட பெண்ணின் கதையையும் சொல்லுங்கள். டாங் அனும் என்றும் வான் அனும் என்றும் அவள் பெயரை மக்கள் இரு வகையாக வழங்குகின்றனர். அவ்விரு பெயரையும் மாணவர் தம் ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும்.