பினாங்குத் தமிழரின் ஊரும் பயணிகளின் பார்வையும்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகருக்கு வரும் உல்லாசப் பயணிகள், கையில் வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, கடைத்தெருவைச் சுற்றியுள்ள சில தெருக்களை ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிடுகின்றனர். அப்பகுதிக்கு வரைபடத்தில் இட்டிருக்கும் பெயர் ‘லிட்டில் இந்தியா’ என்பது. 2008-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் ஜார்ஜ் டவுனை மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுடைமைப் பட்டியலில் ஏற்றியபின், இந்த நடை இன்னும் பெருகிவிட்டது. பூமாலை, புடைவைக் கடை, சாம்பிராணிப் புகை, ஒலிபெருக்கியில் ஒரு திரைப்பாட்டு ஆகியவற்றைக் கண்டும் கேட்டும் இந்தியாவைப் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டு அவர்கள் விடுதிக்குத் திரும்புகின்றனர்.

அதே தெருவில் கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம், “ஐயா, தங்கள் நாடு எது?” என்று கேட்டால், “இதுதான், மலேசியா” என்பார். “சொந்த ஊர்?” என்று கேட்டால் விடை வேறாக வரும். பனைக்குளம், சித்தார்கோட்டை, கடையநல்லூர், தென்காசி, நாகூர், காரைக்கால், தேவகோட்டை என்று ஏதேனும் ஒரு பெயர் சொல்வார். அவ்வூரை அவர் ஒரு முறையேனும் கண்டிருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய பாட்டனார் கப்பலேறிய ஊராக இருக்கலாம். இந்தியா என்ற சொல் இவ்விரு விடைகளிலும் வரவில்லை என்பதை ஆசிரியர்கள் கவனித்தல் வேண்டும். பினாங்குத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பயணியின் சொல்லைக் கொண்டே எழுதுகின்றனர்; முதியவரின் சொல்லைக் கேட்பதில்லை. இக்கட்டுரை அக்குறையைப் பற்றியது.

நம்மவர்க்கு அயலார் இட்ட பெயர்களை முதலில் பார்ப்போம். பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் 1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் இத்தீவில் கொடியேற்றிய காலத்தில், எதிர்க்கரையிலுள்ள கெடாவில் நம் வணிகர்கள் ஏற்கெனவே குடியேறியிருந்தனர். அவர்களைச் ‘சூலியா’ என்றனர். இச்சொல்லைச் சோழத்தோடு சேர்த்துப் பொருள் சொல்வாரும் உளர். இன்றைய சூலியா தெருவுக்குத் தொடக்கத்தில் ‘மலபார் தெரு’ என்று பெயர். மலபார் என்றவுடன் சேரநாட்டுக் கரையை எண்ணிவிடலாகாது. போர்ச்சுகீசியர் காலம் முதல் ஐரோப்பியர் தமிழையே மலபார் மொழி என்று வழங்கி வந்தனர். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலின் முகப்பிலேயே மலபார், தமிழ் என்னும் இரு பெயர்களும் இணைந்து நிற்கின்றன. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவ்வழக்கையே பின்பற்றினார்.

மூன்றாவது பெயர் ‘கிளிங்’ அல்லது ‘கெலிங்’ என்பது. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து இது வந்தது என்பது பெரும்பாலோர் முடிபு. கலிங்கத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே உள்ள தொலைவு நமக்குத் தெரியும். பெயரிட்டவர்க்கு அது பொருட்டாகத் தோன்றவில்லை. (கலிங்கம் என்பதற்கு ஆடை என்ற பொருளும் நம் பழைய நூல்களில் உண்டு. சோழமண்டலக் கரையார் இக்கரைக்குக் கொண்டுவந்த பண்டங்களில் தலையாயதும் துணியே. இரண்டையும் முடிச்சுப் போடச் சான்று இல்லை. ஆயினும் எண்ணிப் பார்க்கச் சுவையாக இருக்கிறது.) இன்று அச்சொல்லை முகத்துக்கு நேரே சொன்னால் இழிசொல்லாகக் கொண்டு சினப்பர். ஆனால் 1801-இல் நிறுவப்பட்ட பெரிய பள்ளிவாசல் ‘கப்பித்தான் கெலிங் மசூதி’ என்னும் பெயரோடு தலைநிமிர்ந்து நிற்கிறது. அதை நிறுவிய காதர் மொகிதீன் நம்மவர்க்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர். ஒரே சொல் ஓரிடத்தில் பட்டமாகவும் ஓரிடத்தில் வசையாகவும் வாழ்கிறது. நான்காவது பெயரே வரைபடத்தில் உள்ள ‘இந்தியா’.

இந்நான்கில் எதுவும் நம்மவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்டதன்று. அவர்கள் தம்மை மரைக்காயர், இராவுத்தர், இலெப்பை, நகரத்தார் என்றும், அதற்கு முன்னே ஊர்ப்பெயரைச் சேர்த்தும் சொல்லிக்கொண்டனர். மரைக்காயர் என்பது பினாங்கு மலாய்க் குடும்பங்களின் பெயர்களில் ‘மெரிக்கான்’ என்று இன்றளவும் நின்று நிலவுகிறது. அதைத் தாங்குவோர் பலர் தமிழ் பேசுவதில்லை.

அயலார் எல்லாருமே கண்மூடியிருந்தனர் என்று சொல்வது நேர்மையாகாது. லைட் 1794-இல் எழுதிய அறிக்கை ஒன்றில், சூலியா மக்கள் ஆயிரவர் அளவில் இங்கே நிலையாகக் குடியிருந்தனர் என்றும், அவருள் சிலர் குடும்பத்தோடு இருந்தனர் என்றும் குறிக்கிறார். ஆண்டுதோறும் கரையிலிருந்து கப்பல்கள் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் பேர் வரை கொண்டுவந்து இறக்குகின்றன. அவர்கள் வணிகத்தாலும் உழைப்பாலும் சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். அவர்களுக்குப் பதிலாக வேறு சிலர் வருகின்றனர் என்பதும் அவ்வறிக்கையின் செய்தி. ஆட்சியாளர் ஒருவரின் கணக்கு இது. எனினும் வந்தவர் திரும்பினர் என்னும் பேருண்மை இதில் பதிவாகியிருக்கிறது. தெருவைக் கடந்துபோன பயணியின் கண்ணுக்கு அது புலப்பட வழியில்லை. அவர் காண்பது அன்று தெருவில் நின்றவரை மட்டுமே.

1879-இல் இப்பகுதிக்கு வந்த இசபெல்லா பேர்டு அம்மையார், 1883-இல் வெளியான தம் நூலில் கிளிங் மக்களின் தோற்றத்தையும் உடையையும் வியந்து எழுதினார். வியப்புக்குக் குறைவில்லை. அந்த உடை எந்தத் தறியில் நெய்யப்பட்டது, அதை உடுத்தவர் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை ஊர் போகிறார் என்பன போன்ற வினாக்கள் வழிப்போக்கருக்குத் தோன்றுவதில்லை.

பயணியின் பார்வைக்கு உச்ச எடுத்துக்காட்டாக நான் கருதுவது, பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்ற ஹெர்மன் ஹெஸ்ஸேயின் பயணத்தை. அவருடைய தாய்வழிப் பாட்டனார், மலையாள அகராதி தந்த குண்டர்ட் பாதிரியார். அவருடைய தாயார் தலைச்சேரியில் பிறந்தவர். இந்தியாவைப் பற்றிய பேச்சைக் கேட்டு வளர்ந்த ஹெஸ்ஸே, 1911-இல் ஓவிய நண்பர் ஒருவருடன் கப்பலேறினார். பினாங்கில் இறங்கினார், சிங்கப்பூர் சென்றார், சுமத்திராவைக் கண்டார், திரும்பும் வழியில் இலங்கையில் தங்கினார். உடல் நலிவுற்று ஊர் திரும்பிவிட்டார். தாயார் பிறந்த கரைக்கு அவர் போகவே இல்லை. இந்திய நிலப்பரப்பில் அவர் காலடி படவில்லை. ஆயினும் 1913-இல் அவர் வெளியிட்ட பயண நூலின் பெயர் ‘இந்தியாவிலிருந்து’ எனப் பொருள்படுவது! அக்கால ஐரோப்பியர் இக்கடற்பகுதி முழுவதையும் இந்தியா என்றே வழங்கினர் என்பதை அவர் சார்பாகச் சொல்லவேண்டும். அந்நூலில் சீனரைப் பற்றிய வியப்பே மிகுதி. பினாங்குத் தெருவில் அவரைக் கடந்துபோன இராமநாதபுரத்துக்காரருக்கு, தாம் ‘இந்தியா’ என்னும் நூலுக்குள் நடந்துகொண்டிருப்பது தெரிந்திருக்க முடியாது.

இது நமக்கு மட்டும் உரிய நிலையன்று. அமெரிக்காவின் மயாமி நகரில் ‘லிட்டில் ஹவானா’ என்று ஒரு பகுதி உண்டு. கியூபாவில் 1959-இல் நிகழ்ந்த புரட்சிக்குப்பின் வெளியேறியோர் வாழுமிடம் அது. ஹவானாவுக்குப் போய்வரும் பயணிகள், அங்கே ஓடும் பழைய அமெரிக்க மோட்டார் வண்டிகளின் அழகைப் புகழ்வர். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கா விதித்த வணிகத் தடையால் புதிய வண்டிகள் வருவது நின்றுபோனதும், பழையவற்றையே பழுது பார்த்துப் பார்த்து ஓட்ட நேர்ந்ததும் அந்நாட்டை விட்டு வந்தவர்க்குத் தெரியும். பயணிக்கு அழகாகத் தோன்றுவது, ஊரை விட்டு வந்தவர்க்கு ஒரு தட்டுப்பாட்டின் அடையாளம்.

பினாங்குக்குத் திரும்புவோம். பயணியும் குடியேறியும் ஒரே கப்பலில் வந்த காலம் ஒன்று இருந்தது. 1926-இல் கட்டப்பெற்று 1973 வரை ஓடிய ‘ரஜூலா’வை அறியாத குடும்பம் இத்தீவில் அரிது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்பது அதன் வழி. நாகையில் கப்பல் கரையை அணைய இயலாது, கடலில் நிற்கும், படகில் சென்று ஏறவேண்டும். மேல் வகுப்பினர்க்கு அறையும் கட்டிலும் உண்டு. தளப் பயணிகளோ பாயும் தகரப்பெட்டியுமாக இடம் பிடித்துக்கொள்வர். ஒரு காலத்தில் அக்கப்பல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. பினாங்கை அடைந்ததும் அறையில் வந்தவர் இறங்கி, 1885-இல் சார்க்கீஸ் உடன்பிறந்தார் தொடங்கிய பெரிய விடுதிக்குப் போவார். தளத்தில் வந்த தொழிலாளர்க்குக் கரைக்கு முன் ஜெரஜாக் தீவு காத்திருந்தது. தொற்றுநோய்க் காவலுக்காக அவர்களை அங்கே நாட்கணக்கில் நிறுத்தி வைத்தனர். ஒருவர் பினாங்கை முதலில் கண்டது விடுதித் தாழ்வாரத்திலிருந்து. மற்றவர் கண்டது கம்பி வேலிக்கு அப்பால். பின்னாளில் நூலெழுதியவர் விடுதியில் தங்கியவரே.

எனினும் நம்மவர் ஒன்றும் எழுதாமல் போய்விடவில்லை. நாகூர் குலாம் காதிறு நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ என்னும் இதழை நடத்தினார். ‘நாகூர்ப் புராணம்’ பாடிய புலவரும் அவரே. நாகூர், காரைக்கால் பகுதிகளில் கடல் கடந்து பொருளீட்டி வருபவரைச் ‘சபராளி’ என்பர். ‘சபர்’ என்றால் பயணம். அங்குள்ள வீடுகளில் சபராளியின் வரவுக்காக ஆண்டுகளை எண்ணிய பெண்களின் கதை எந்தப் பயண நூலிலும் இல்லை. மகப்பேறும் மரணமும் கடிதத்தில் வரும், கடிதம் கப்பலில் வரும், கப்பல் காலந்தவறும். இக்கடிதங்களில் எஞ்சியவற்றையேனும் தேடித் திரட்டுவார் உண்டாயின், அது எத்தனையோ ஆராய்ச்சி நூல்களினும் மேலான தொண்டாகும்.

குடியேறியவர் நெஞ்சில் இருக்கும் ஊர் முழுதும் மெய்யானது என்றும் சொல்லிவிட முடியாது. அது அவர் புறப்பட்ட நாளிலேயே நின்றுவிட்ட கடிகாரம் போன்றது. இத்தீவின் முதியோர் இன்றும் ‘தஞ்சாவூர் ஜில்லா’, ‘ராம்நாடு ஜில்லா’ என்கின்றனர். நாகப்பட்டினம் 1991-இல் தனி மாவட்டமாகிவிட்டது. பழைய இராமநாதபுர மாவட்டமோ அதற்கு முன்பே 1985-இல் மூன்றாயிற்று. அவர் தந்தையார் கப்பலேறிய சென்னை மாகாணம் பின்பு மாநிலமாகி, 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்னும் பெயர் பெற்றது. அவர் இறங்கிய பினாங்கின் கதையும் அவ்வாறே. 1867 ஏப்ரல் முதல் நாள் வரை அது இந்திய அரசாங்கத்தின் ஆளுகையில் இருந்தது, பிறகு முடியாட்சிக் குடியேற்றம், 1957-இல் மலாயா, 1963-இல் மலேசியா. நாட்டின் பெயர்கள் இருபுறமும் மாறிக்கொண்டே வர, பனைக்குளம் பனைக்குளமாகவே இருந்துவருகிறது. முதியவர் ஊர்ப்பெயரைப் பற்றிக்கொண்டதன் காரணம் இப்போது விளங்கும்.

ஊரைப் பற்றிக்கொண்டவர்க்கு ஒரு சோதனையும் வந்தது. 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதார் உத்தரவுச் சீட்டு பெற்றே தொழில் செய்ய முடியும் என்றாயிற்று. பல்லாண்டு இங்கே உழைத்தவர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். இந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளும் உடன் சென்றனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘மலாயாக்காரர்’. இங்கே இந்தியர்; அங்கே மலாயாக்காரர்! அயலார் பெயரிடுவதைப் பற்றி இவ்வளவு நேரம் குறைகூறினோம். நம் சொந்த ஊராரும் அதற்கு விலக்கல்லர் போலும்.

இன்றைய பேரப்பிள்ளைகளின் நிலை இன்னும் வேறானது. அவர்கள் விசா வாங்கிக்கொண்டு, விமானத்தில் திருச்சியிலோ சென்னையிலோ இறங்கி, பாட்டனார் ஊருக்கு வழி கேட்டுப் போகின்றனர். கையில் படப்பெட்டி, முகத்தில் அதே வியப்பு. உணவு விடுதியில் நாசி கந்தர் கிடைக்குமா என்று கேட்டால் யாருக்கும் விளங்குவதில்லை. தோளில் காவடி போலத் தண்டு வைத்துச் சோறும் குழம்பும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களால் பினாங்கில் பிறந்த உணவு அது. ‘கந்தர்’ என்னும் மலாய்ச் சொல் அத்தண்டுச் சுமையையே குறிக்கிறது. பினாங்குக்கு வரும் பயணி அதை இந்திய உணவு என்று உண்கிறார். இந்தியாவில் அது இல்லை.

சூலியா தெருவும் கிங் தெருவும் கூடுமிடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா ஒன்று இருக்கிறது. கடலோடிகளின் காவலராகப் போற்றப்படும் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் அமைந்தது. சிங்கப்பூரிலும் 1828-க்கும் 1830-க்கும் இடையே இவ்வாறே ஒன்று கட்டினர். நாகூரில் உள்ள தர்காவில், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பிய உயர்ந்த மனோரா கப்பலிலிருந்து காண்பார்க்கு ஊரின் முதல் அடையாளம். திரும்பி வருபவரை அது அழைக்கும், புறப்படுபவர் கண்ணிலிருந்து கடைசியில் மறைவதும் அதுவே. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் இறங்கிய துறையில் சிறிய அளவில் மீண்டும் கட்டிக்கொண்டனர். பயணிகள் இக்கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். உள்ளே அடக்கமாகியிருப்பவர் யார் என்று அவர்களில் ஒருவர் கேட்பதுண்டு. அடக்கத்தலம் நாகூரில் இருக்கிறது. இங்கே எவரும் அடக்கமாகவில்லை.