உடைந்தது எலும்பு, கரைந்தது தசை

கப்பல் கட்டும் துறைகள் நிறைந்த கிளாஸ்கோ நகரில், 1920களின் இறுதியில், ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையின் வார்டுகளில் கால் முறிந்தவர்கள் மாவுக்கட்டோடு கிடந்தார்கள். அவர்களில் சிலருக்கு மட்டும் கணைக்கால் எலும்பு கூடிவர ஏன் அத்தனை காலம் பிடிக்கிறது? இந்தக் கேள்வி அங்கே வேலை பார்த்த டேவிட் கத்பர்ட்சன் என்ற இளம் உயிர்வேதியியலாளரிடம் வந்து சேர்ந்தது.

எலும்பு கூடவில்லை என்றால் கால்சியமும் பாஸ்பரஸும் உடம்பைவிட்டு எங்கோ போகின்றன என்றுதான் யாருக்கும் தோன்றும். அவரும் அங்கேதான் தேடத் தொடங்கினார். நோயாளி தின்பதெல்லாம் நிறுக்கப்பட்டது. கழிப்பதெல்லாம் பாட்டிலில் சேர்ந்தது. சிறுநீரும் மலமும் நாள் தவறாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. யாரும் விரும்பிச் செய்யாத வேலை இது. ஐசியூ மருத்துவத்தின் பெரிய உண்மைகளில் ஒன்று இந்தச் சிறுநீர் பாட்டில்களில்தான் பிறந்தது என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டும்.

தேடியதைவிடப் பெரிதாக வேறொன்று அகப்பட்டது. உள்ளே போன நைட்ரஜனைவிட வெளியேறிய நைட்ரஜன் மிக அதிகம். கூடவே கந்தகம், பொட்டாசியம், பாஸ்பரஸ். அடிபட்ட முதல் வாரத்துக்குள் அந்த இழப்பு உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் தணிந்தது. நைட்ரஜனும் கந்தகமும் வெளியேறிய விகிதம் தசையில் அவை இருக்கும் விகிதத்தை ஒத்திருந்தது. முறிந்த இடத்தில் நசுங்கிய சதை மட்டும் இவ்வளவைத் தந்திருக்க முடியாது. காயமே படாத தசைகளும் கரைந்துகொண்டிருந்தன. அசையாமல் படுத்திருப்பதே தசையைக் குறைக்கும் என்பதையும் அவர் தனியே ஆராய்ந்து 1929இல் வெளியிட்டிருந்தார். காயத்தின் கணக்கு அதற்கும் மேலே நின்றது.

கணக்கு எளிது. ஒரு கிராம் நைட்ரஜன் போனால் 6.25 கிராம் புரதம் போயிற்று. தசையில் பெரும்பங்கு நீர் என்பதால் எடையில் அது ஏறத்தாழ 30 கிராம். ஒரே நாளில் 10 கிராம் நைட்ரஜன் துண்டு விழுந்தால் 300 கிராம் தசை போய்விட்டது.

நன்றாகச் சாப்பிடக் கொடுத்தால் நிற்காதா? 1936இல் வெளியிட்ட ஆய்வில் அதையும் பார்த்தார். புரதமும் கலோரியும் நிறைந்த உணவு இழப்பைக் குறைத்தது. உச்ச நாட்களில் முழுவதும் தடுக்கவில்லை. காரணம் பின்னால் துலங்கியது. அடிபட்ட உடம்பில் கார்ட்டிசாலும் அட்ரினலினும் ஏறுகின்றன, அழற்சிச் சமிக்ஞைகள் பரவுகின்றன, தசைப் புரதம் அமினோ அமிலங்களாக உடைகிறது. கல்லீரல் அவற்றைக் கொண்டு குளுக்கோஸும் காயத்தோடு போராடும் புரதங்களும் செய்கிறது. பஞ்சத்தில் விதைநெல்லை எடுத்து உலையில் போடுவது போன்ற காரியம் இது. உயிர் பிழைக்க உடம்பே செய்யும் ஏற்பாடு. படுக்கையில் கிடப்பவர் இளைத்துப்போனால் "ஒழுங்காச் சாப்பிடல" என்று அவரையே கடிந்துகொள்கிறோமே, அது அநியாயம்.

கத்பர்ட்சன் காலத்தில் பெருங்காயம் பட்டவர் ஒன்று சில வாரத்தில் தேறினார், இல்லையேல் இறந்தார். வென்டிலேட்டரும் ஐசியூவும் வந்த பிறகு அந்த நெருக்கடியிலேயே வாரக்கணக்கில் உயிரோடு இருக்க முடிந்தது. தசையும் அத்தனை வாரமும் கரைந்தது. 2013இல் லண்டன் ஆய்வாளர்கள் 63 ஐசியூ நோயாளிகளின் தொடையை அல்ட்ராசவுண்டில் அளந்தபோது, பத்தே நாளில் முன்தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 சதவீதம் சுருங்கியிருந்தது.

வயதானவருக்கு இந்தச் செலவைத் தாங்கக் கையிருப்பு குறைவு. நடுவயதிலிருந்தே தசை குறைந்துவருகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுப் புரதத்தைக் கொண்டு இளையவரின் தசை கட்டிக்கொள்ளும் அளவு முதியவரின் தசை கட்டுவதில்லை. நோயே இல்லாத, சராசரியாக 67 வயதான சிலரைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2007இல் வெளியானது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கொழுப்பல்லாத திசு போயிருந்தது. இடுப்பெலும்பு முறிந்த பாட்டி எலும்பு கூடிய பிறகும் எழுந்து நடக்கத் திணறுவது ஏன் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

புரதத்தை இன்னும் அள்ளிக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி ஓயவில்லை. வென்டிலேட்டரில் இருந்த 1,301 பேரை வைத்து 2023இல் வெளிவந்த ஆய்வில், கூடுதல் புரதம் பெற்றவர்கள் விரைவில் வீடு திரும்பவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது கெடுதலாகக்கூட இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. அசைவு வேறு விதமாகப் பலன் தந்தது. சிகாகோ, அயோவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 104 பேரிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. மயக்க மருந்தைத் தினமும் சற்று நிறுத்தி, ஒரு குழுவுக்கு மட்டும் வென்டிலேட்டரில் இருக்கும்போதே கைகால்களை அசைக்கவும் உட்காரவும் நிற்கவும் பயிற்சி கொடுத்தார்கள். வீடு திரும்பும்போது தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிந்தவர்கள் அந்தக் குழுவில் 59 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 35 சதவீதம்.