நிமிடம் யாருக்குச் சொந்தம்? செட்டிபாளையம் தரிப்பிடமும் பயணத் தகவற் பகிர்வும்

தத்தம் வண்டி இந்நேரம் எங்கே வருகிறது என்பதைப் போக்குவரத்து நிறுவனங்கள் பொதுவில் பகிரவேண்டுமெனச் சட்டம் போட்டுவிட்டால் மற்றவை தாமாக வழிக்கு வரும் என்ற கருத்து இத்துறை ஆய்வில் வேரூன்றியுள்ளது. அக்கருத்தினர் தடையைக் கருவியில் காண்கின்றனர். ஜி.பி.எஸ். இல்லை, தரவுக்குப் பொதுவடிவம் இல்லை என்பர். மட்டக்களப்பு–கல்முனை வீதியில், செட்டிபாளையத்தில் நின்று பார்த்தால் இவ்விளக்கம் பொருந்தவில்லை.

அங்கே தகவலுக்குப் பஞ்சமில்லை. தனியார் பஸ் நிற்குமுன்பே நடத்துனர் மிதிபலகையில் தொங்கியபடி தரிப்பிடத்தில் நிற்பவரிடம் கேட்கிறார்: "சீ.ரீ.பி. போயிற்றா?" சீ.ரீ.பி. என்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ். பதிலைப் பொறுத்தே வண்டி ஊர்வதும் பறப்பதும். முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் கைபேசி அழைப்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிகழ்நேரத் தகவல் என்று நாம் எழுதுவது இங்கே அன்றாடம் புழங்குகிறது. பயணியின் காதுக்கு மட்டும் எட்டுவதில்லை. இரு வண்டிகளுக்கிடையிலுள்ள இடைவெளிதான் அன்றைய வசூல். அதை யார் வெளியே சொல்வார்?

இலங்கைப் போக்குவரத்துச் சபையின் தொழிற்சங்கங்கள் 2025 ஓகஸ்ட் 27 நள்ளிரவு தொடங்கிய வேலைநிறுத்தத்தை இங்கு சற்று நின்று வாசிக்க வேண்டும். தனியார் பஸ்களோடு இணைந்த நேர அட்டவணையில் ஓடமாட்டோம் என்பதே போராட்டத்தின் மையம். மாற்றத்துக்கு அஞ்சிய ஊழியரின் முரண்டு என்று அதைப் படிப்பது எளிது. அட்டவணையை வெறும் தகவற் பட்டியலாகக் கொண்டால் அப்படித்தான் தோன்றும். சிக்கல் 'இணைந்த' என்ற சொல்லில் இருக்கிறது. இரு சாராரும் தனித்தனி அட்டவணையில் ஓடும்வரை, எட்டு மணிக்குத் தரிப்பிடத்தில் நிற்கும் பயணி முந்தி வருபவருக்குரியவர். அட்டவணையை இணைத்ததும் அந்தப் பயணியை ஒருவர் பெயரில் எழுதிக்கொடுத்தாக வேண்டும். ஆகவே தொழிற்சங்கங்கள் அதைப் பங்கீட்டுப் பத்திரமாக வாசித்தன. அவற்றின் கோரிக்கை நியாயமா என்பது வேறு கேள்வி. வாசிப்புச் சரியானதே என்பேன். அச்சிட்ட நேரத்தையே பகிர முடியாத இடத்தில் கணத்துக்குக் கணம் இருப்பிடத்தைப் பகிரச் சொல்வது, அதே சண்டையை நாள் முழுதும் மூட்டுவதாகும்.

கட்டளையிடுபவர்தாம் யார்? கல்முனை–மட்டக்களப்புத் தனியார் பஸ், 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் மாகாணத்துக்குரியது. அதே வீதியால் கொழும்பு போகும் தனியார் பஸ், 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் அனுமதியில் ஓடுகிறது. சபையின் வண்டிக்கு 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். மட்டக்களப்பில் புகையிரதம் ஏறினால் அது தனித் திணைக்களம். படுவான்கரையிலிருந்து குருக்கள்மடத்துப் பாதைப் படகில் வாவியைக் கடந்து வருபவருக்குப் பயணம் ஒன்றுதான்.

அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு விதி முன்மாதிரியாகக் காட்டப்படுவதுண்டு. மாநிலங்களூடான நெடுஞ்சாலைகளுக்கு 2014, பெருநகரங்களின் முக்கிய வழிகளுக்கு 2016 எனக் கெடு வைத்து, 85 வீதத் துல்லியம் கேட்ட விதி அது. ஆனால் கேட்டது விபத்து, மூடல், வானிலை, பயண நேரம் ஆகிய வீதி நிலவரங்களை. ஒரு மாநிலத்து வீதி அடுத்த மாநிலத்துப் பயணியைப் பறிப்பதில்லை. இங்கிலாந்தின் 2017ஆம் ஆண்டு பஸ் சேவைகள் சட்டம் போட்டித் தனியாரையும் பகிரவைத்ததே எனலாம். அங்கே பஸ் ஊழியரின் நாட்கூலி அன்றைய வசூலில் தங்கியில்லை. ஒப்பீடு அத்தோடு முடிகிறது.

ஒரு தரிப்பிடத்தைக் கொண்டு நாட்டையே அளக்க நான் துணியவில்லை. வேறு வழித்தடங்களில் வேறு காரணங்கள் இருக்கக்கூடும். ஆயினும் இவ்வீதியில் எது முதலில் வரவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சபையும் தனியாரும் கல்முனை–மட்டக்களப்பு வசூலை, ஓடிய கிலோமீற்றருக்கேற்பப் பகிரும் ஏற்பாடு முந்தட்டும். அப்போது மிதிபலகையில் தொங்குபவருக்கு அந்தக் கேள்வி தேவைப்படாது. பின்னால் எந்த வண்டி வருகிறது என்று பயணிக்குச் சொல்வதிலும் அவருக்கு நட்டமிராது.